ஊவாத் தோட்டங்களிற் பத்திரக்கலவை: பைனஸ் சருகினை முன்வைத்துச் சில குறிப்புகள்

பதுளையிலிருந்து புகையிரதத்தில் தெமோதரை, எல்ல, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்குச் செல்வோர் மலைச்சரிவுகளில் மூன்று நிறங்களைக் காண்பர். தேயிலையின் கரும்பச்சை ஒன்று. பத்தனைப் புல்வெளியின் மங்கிய மஞ்சள் மற்றொன்று. பைனஸ் காடுகளின் சாம்பல் கலந்த பச்சை மூன்றாவது. அருகே சென்று பார்ப்பின் நான்காவது நிறமொன்றுந் தென்படும். அது வெறும் மண்ணின் செம்மை. லயங்களின் முன்னும் பின்னும், கான் ஓரங்களிலும், தேயிலை பிடுங்கப்பட்ட மேட்டு நிலங்களிலும் கோவா, லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியன பயிரிடப்படும் சிறு துண்டுகளின் நிறம் அது. சில இடங்களிற் சிறிது தூரத்திலேயே பைனஸ் மரங்களின் கீழ் உதிர்ந்த ஊசியிலைகள் கபில நிறப் படுக்கையாகக் கிடக்க, இப்பால் மரக்கறிப் பாத்திகள் மழைக்கும் வெயிலுக்கும் திறந்து கிடக்கின்றன.

அச்சருகினைக் கொணர்ந்து இப்பாத்திகளிற் பரப்பினால் யாது நிகழும் என்பதே இங்கு ஆராயப்படுவது. வினா சிறியதுதான். ஆயினும் அதற்கு விடை காணப்புகின் மண்ணியல் மட்டும் போதாது. பெருந்தோட்ட வரலாறு, காட்டுச் சட்டம், காணியுரிமை, பெண்களின் உழைப்பு என்பனவெல்லாம் உடன்வந்து நிற்கின்றன.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. மண்ணின் மேற்பரப்பை இலை, வைக்கோல், புல் முதலியவற்றால் மூடிவைக்கும் முறையை எமது விவசாயத் திணைக்களத்தின் வெளியீடுகள் ‘பத்திரக்கலவையிடல்’ என்று குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டில் ‘மூடாக்கு’ என்பர். பொருளை நேரே உணர்த்துவது பின்னையதே. பத்திரக்கலவை என்னும் சொல், இலையை மண்ணோடு கலந்துவிடுவது என்ற தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. கலப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாடு, பைனஸ் சருகைப் பொறுத்தவரை, பயிரின் வாழ்வுக்கும் வாட்டத்துக்கும் உள்ள வேறுபாடாகும் என்பதைப் பின்னர்க் காண்போம். எனினும் இலங்கையில் வழங்கிவருவது பத்திரக்கலவை என்பதால் அச்சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

துப்புரவான மண் என்னும் கொள்கை

கோப்பிக் காலத்துத் துரைமாரிடம் ஒரு கொள்கை வேரூன்றியிருந்தது. பயிரின் அடியிற் புல் ஒன்றேனும் நில்லாது மண் துடைத்து வைத்தாற்போல இருத்தல் வேண்டும் என்பதே அது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, இக்கொள்கையை அழிக்கவில்லை. தேயிலை அதனை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. புல்லுக் கொந்தரப்பு அதன் நிருவாக வடிவம். சுரண்டி அதன் கருவி. சுரண்டி புல்லை மட்டும் எடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் மேல்மண்ணின் மெல்லிய படையொன்றையும் சேர்த்துச் சீவித் தளர்த்திவிடுகிறது. தளர்ந்த அம்மண் அடுத்த மழையிற் கானுக்கும், கானிலிருந்து ஆற்றுக்கும் செல்கிறது. ஊவாவின் வடபாற் சரிவுகளிலிருந்து இவ்வாறு செல்லும் மண்ணைப் பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலிக்குக் கொண்டுசேர்க்கின்றன.

மண்ணரிப்பு என்பது நீர் ஓடுவதனால் நிகழ்வது என்றே பலரும் எண்ணுகின்றனர். அதற்கு முன்னரே ஒரு செயல் நிகழ்ந்துவிடுகிறது. மழைத்துளி வெறும் மண்ணில் விழும்போது மண்திரளைகளைச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்துணிக்கைகள் மண்ணின் துளைகளை அடைத்து மேற்பரப்பில் ஓர் ஓட்டை உண்டாக்குகின்றன. உள்ளிறங்க வழியின்றி நின்ற நீரே பின்னர் மண்ணைச் சுமந்துகொண்டு ஓடத் தொடங்குகிறது. ஆகவே துளியின் அடியை ஏற்க ஏதேனும் ஒரு பொருள் மண்ணின் மீது கிடப்பின், அரிப்பின் முதற்படியே தடைப்பட்டுவிடும். இதுவே பத்திரக்கலவையின் முதற்பயன். ஆவியாதலைக் குறைத்தல், களையை அடக்கல், மண்ணின் வெப்பநிலையைச் சீராக்கல் என்பன அடுத்து வருவன.

இவ்வுண்மையை அரசும் ஆராய்ச்சியாளரும் அறியாதிருக்கவில்லை. மண்ணரிப்பை ஆராய நியமிக்கப்பட்ட குழுவொன்று 1931இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1951இல் மண் பேணற் சட்டம் நிறைவேறியது. 1925இல் தொடங்கப்பட்டு, பின் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், மீள்நடுகைக்கு முன்னர் நிலத்தில் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஏறத்தாழ 18 முதல் 24 மாதம் வரை வளர்த்து, அவ்வப்போது வெட்டி அந்நிலத்திலேயே பரப்பும்படி விதந்துரைத்தது. ஊவாவின் நிலைமைகளுக்கெனப் பசறையில் அதன் பிராந்திய நிலையமொன்றும் உண்டு. கவ்வாத்து வெட்டியபின் விழும் மிலாறினை மலையிலேயே விட்டுவைத்தல் வேண்டும் என்பதும் ஆராய்ச்சியாளரின் நெடுநாளைய அறிவுரை.

ஆனால் மிலாறு மலையில் தங்குவதில்லை. அது லயத்தின் அடுப்புக்குச் செல்கிறது. மண்ணுக்கு உணவாகவேண்டியது விறகாகிவிடுகிறதே என்று தொழிலாளரைக் குறைகூறும் போக்கு அதிகாரிகளின் குறிப்புகளிற் காணப்படுவதுண்டு. விறகுக்கு வேறு வழி தராத ஓர் அமைப்பினுள் மிலாறு எரியத்தான் செய்யும். மண் பேணல் பற்றிய எந்த அறிவுரையும் அடுப்பைக் கணக்கிலெடுக்காதுவிடின் அது தாளில் எழுதிய அறிவுரையாகவே நின்றுவிடும்.

அண்மைக் காலத்து இரு நிகழ்வுகள் இவ்விடயத்துக்குப் புதிய முக்கியத்துவத்தை அளித்துள்ளன. 2015இல் கிளைபோசேற்றுக் களைநாசினி தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை 2018இல் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிற் களை கட்டுப்படுத்தும் பளு மீண்டும் கையுழைப்பின் மீது விழுந்தது. அடுத்து, 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அத்தடையின் தாக்கமும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25.1 கோடியாக வீழ்ந்தது. சேதனப் பொருளை ஆண்டுக்கணக்கிற் சேர்த்து மண்ணைப் பண்படுத்தாது, ஆணையொன்றினால் ஒரே நாளில் சேதன விவசாயத்துக்கு மாறிவிடலாம் என்று கருதியதன் விளைவு அது. மூடுபடை இடுதல் நெடுங்காலப் பணி. அதனை அவசரகாலச் சட்டத்தினாற் செய்விக்க முடியாது.

பைனஸ் வந்த வழி

பைனஸ் எமது நாட்டுக்குரிய மரமன்று. இங்கு பெரிதும் நடப்பட்டது கரிபியா எனப்படும் இனம். கரிபியன் தீவுகளும் மத்திய அமெரிக்காவுமே அதன் தாயகம். உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் மெக்சிக்கோ நாட்டின் பற்றூலா இனமும் நடப்பட்டது. 1970களிலும் 1980களிலும் பத்தனை நிலங்களிலும், கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளிலும் வனத்திணைக்களம் இம்மரத்தைப் பெருமளவில் நட்டது. ஏனையவை வளரமாட்டாத வறண்ட, சத்திழந்த மண்ணில் அது வளர்ந்தது என்பதே அதற்குச் சாதகமாகக் கூறப்பட்ட காரணம். அக்காரணம் பொய்யன்று.

எதிர்ப்பும் அக்காலத்திலேயே எழுந்தது. ஊற்றுக்கள் வற்றுகின்றன, அடியில் ஒன்றும் முளைப்பதில்லை, ஆண்டுதோறும் தீப்பற்றுகிறது என மக்கள் முறையிட்டனர். இம்முறைப்பாடுகளை அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. பொஷ், ஹியூலெற் என்னும் இருவர் உலகின் பல பாகங்களில் நடத்தப்பட்ட 94 நீரேந்துப் பரப்புப் பரிசோதனைகளைத் தொகுத்து 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊசியிலை மரங்களோ யூக்கலிப்டஸ் மரங்களோ ஒரு நீரேந்துப் பரப்பின் பத்திலொரு பங்கில் அதிகரிக்கும்போது, ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் நீர்விளைவு குறைகிறது. புல்வெளியை விட மரம் அதிக நீரை உறிஞ்சும். ஊவாவின் பத்தனைகளுக்கு இது பொருந்தாது என்று கொள்ள நியாயமில்லை.

அடியில் ஒன்றும் முளைக்காது என்ற கூற்று அவ்வளவு உறுதியானதன்று. சிங்கராஜக் காட்டின் விளிம்பில் நின்ற பைனஸ் தோட்டத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்க் அஷ்ரனும் 1990களில் நடத்திய பரிசோதனைகளில், பைனஸ் வரிசைகள் சிலவற்றை அகற்றி வெளிச்சத்துக்கு இடம் விட்டபோது மழைக்காட்டுக்குரிய சுதேச மரக்கன்றுகள் அவ்விடைவெளிகளில் நன்கு வளர்ந்தன. அருகே விதை தரும் காடு, போதிய மழை, தீயின்மை என்பன அங்கு வாய்த்திருந்தன. ஊவாவில் இம்மூன்றும் அரிது. பைனஸின் கீழ் நிலவும் வெறுமைக்குச் சருகின் ‘நஞ்சு’ ஒன்றே காரணம் என்பாருக்கு இப்பரிசோதனை தக்க விடை.

இம்மரம் நடப்பட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். நடப்பட்டாயிற்று, உதிர்க்கவும் செய்கிறது. உதிர்ந்ததை என் செய்வது என்பதே எமது வினா.

ஊசியிலையின் தன்மை

கரிபியா பைனஸின் இலை பெரும்பாலும் மூன்று ஊசிகள் கொண்ட கற்றை. ஒவ்வோர் ஊசியும் 15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீண்டது. மூன்றும் அடியில் ஓர் உறையினாற் பிணைக்கப்பட்டிருக்கும். இவ்வமைப்பிலேயே அதன் சிறப்புத் தங்கியுள்ளது. கவைபோல் விரிந்த கற்றைகள் ஒன்றுடன் ஒன்று சிக்கிப் பாய்போற் பின்னிக்கொள்கின்றன. அகன்ற இலைச் சருகினைக் காற்று அள்ளிச் செல்லும். மரத்தூள் மழையில் வழிந்தோடும். வெட்டிய புல் அழுந்திக் கட்டியாகும். ஊசியிலைப் படையோ சரிவிலும் ஓரளவு நிலைத்து நிற்கும், அழுந்தாது, நீரையும் காற்றையும் இடைவெளிகளினூடே இறங்கவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நீண்டவிலைப் பைன் முதலியவற்றின் சருகினைக் கட்டுக்கட்டாகக் கட்டி விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளமைக்கு இவ்வியல்பே காரணம்.

பைனஸ் சருகு மண்ணைப் புளிக்கச் செய்யும் என்ற அச்சம் பரவலாக உண்டு. பச்சை ஊசியிலை அமிலத்தன்மை உடையது என்பது மெய். ஆனால் மேற்பரப்பிற் கிடந்து மெதுவாக உக்கும்போது அவ்வமிலத்தின் பெரும்பகுதியை நுண்ணங்கிகளே சிதைத்துவிடுகின்றன. எஞ்சுவது மண்ணின் மேலங்குலத்தில் மட்டும், அதுவும் பல ஆண்டுகளில், சிறு மாற்றத்தையே விளைவிக்கும். இதனோடு ஒப்பிடவேண்டியது உரப்பையினுள் இருப்பதை. தேயிலைக்கு நெடுங்காலமாக இடப்பட்டுவந்த அமோனியம் சல்பேற்றின் 100 கிலோ விளைவிக்கும் அமிலத்தன்மையை நடுநிலையாக்க ஏறத்தாழ 110 கிலோ கல்சியம் காபனேற்றுத் தேவை. ஊவாவின் தேயிலை மண் புளித்ததற்குக் காரணம் தேடுவோர் சருகை நோக்கித் திரும்பவேண்டியதில்லை. மேலும் தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட பீ.எச். பெறுமானமே அதற்கு உகந்தது. முன்பு தேயிலை நின்ற துண்டிற் கோவாவோ போஞ்சியோ நடுவோர் சருகு இட்டாலும் இடாவிட்டாலும் டொலமைற்று இடவே வேண்டும். அடுப்புச் சாம்பலும் ஓரளவு உதவும்.

உண்மையான இடர் வேறொன்று. ஊசியிலையில் நைதரசன் மிகக் குறைவு. பொதுவாக நூற்றுக்கு ஒன்றினும் குறைவே. முள்முருக்கு, கிளிரிசிடியா போன்ற அவரைக் குடும்ப இலைகளில் இதனைப்போற் பன்மடங்கு உண்டு. காபன் மிகுந்து நைதரசன் குறைந்த பொருளை மண்ணினுட் புதைத்தால், அதனைச் சிதைக்கும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளித்து வாடும். ஆனால் அதே பொருள் மேற்பரப்பிற் கிடக்கும்போது இப்போட்டி, சருகும் மண்ணும் தொடும் மெல்லிய எல்லையிலேயே நின்றுவிடுகிறது. வேர் அதற்குக் கீழே இருக்கிறது. முள்ளுக் குத்தும்போது பைனஸ் சருகினை மண்ணோடு புரட்டிவிடலாகாது என்பதன் காரணம் இதுவே. ‘பத்திரக்கலவை’ என்னும் சொல்லிலுள்ள ‘கலவை’ இங்கு ஆபத்தானது.

இக்குறையை நீக்க எளிய வழி உண்டு. முதலிற் சாணமும் முள்முருக்கு இலையும் இட்டு, அதன்மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஊசியிலையைப் பரப்புதல். கீழ்ப்படை உணவு, மேற்படை போர்வை. இமயமலைச் சாரலின் உத்தரகாண்டப் பகுதியில் வேறொரு முறை வழங்குகிறது. அங்கு ‘பிருல்’ எனப்படும் சீர்ப்பைன் சருகினைக் கால்நடைகளுக்குப் படுக்கையாக இட்டு, சாணமும் சிறுநீரும் ஊறியபின் எருவாக வயலுக்குக் கொண்டுசெல்கின்றனர். தோட்டங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் பல உள. சிறுநீரிலுள்ள நைதரசன் வீணே கானில் ஓடிவிடுவதைத் தடுக்கும் இம்முறை எமது மாட்டுத் தொழுவங்களுக்கும் நன்கு பொருந்தும்.

விதை நேரே ஊன்றப்படும் கரட், பீற்றூட், கீரை ஆகியவற்றுக்கு முளை எழும்வரை ஊசியிலை கூடாது; மெல்லிய முளை அதனைத் துளைத்து எழமாட்டாது. நாற்று நடப்படும் கோவா, லீக்ஸ், மிளகாய், தக்காளி என்பனவற்றுக்கும், வரிசையில் ஊன்றப்படும் போஞ்சிக்கும், இளந் தேயிலைக்கும் தடையில்லை. தண்டைத் தொடாது சிறிது இடம் விட்டால் அழுகல் ஏற்படாது.

கச்சான் மாதங்கள்

ஊவாவின் பருவமுறை மேற்குச் சரிவுகளின் முறைக்கு நேர்மாறானது. யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று அற்றன், நுவரெலியாப் பக்கங்களில் மழையைக் கொட்டிவிட்டு மலையைக் கடந்து ஊவாவினுள் இறங்கும்போது வறண்ட கச்சான் காற்றாகிறது. அவ்வறட்சியே யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை ஊட்டுவது. கொழும்பு ஏலத்திலும் இலண்டன் மேசையிலும் போற்றப்படும் அதே காற்று, லயத்துப் பாத்தியிற் கோவாவை வாட்டுகிறது. பீலித் தண்ணீரையும் நூலிழையாக்கிவிடுகிறது. பின்னர் ஒக்டோபரில் இடைப்பருவ மழை, அதனைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழை. நான்கு மாதம் காய்ந்து தூளாகிய மண்ணின்மேற் பெருமழை விழும் அவ்வாரங்களே மண்ணரிப்பின் உச்சக்கட்டம்.

இங்குதான் பைனஸ் சருகின் ‘குறை’ நிறையாக மாறுகிறது. முள்முருக்கு இலை சில வாரங்களில் உக்கி மறைந்துவிடும். உரமாக அது சிறந்தது, போர்வையாக அன்று. ஊசியிலையில் இலிக்னினும் மெழுகும் மிகுதி. உக்குவதற்கு ஓராண்டுக்கு மேலும் எடுக்கும். சித்திரை மழையில் மண் நன்கு நனைந்தபின், மே மாதத்தில் ஒருமுறை இட்ட படை கச்சான் மாதங்களில் ஈரத்தைக் காத்து, ஒக்டோபர் மழையின் முதலடியையும் தானே ஏற்கும். காய்ந்த மண்ணின்மேல் இடுவதாற் பயனில்லை. பத்திரக்கலவை இருக்கும் ஈரத்தைக் காக்குமேயன்றி இல்லாததை உண்டாக்காது. மழையை எதிர்பார்த்துச் செப்டெம்பரில் இடுவோருக்கு அரைப் பயனே கிடைக்கும்.

ஒரு வரையறையையும் இங்கு கூறவேண்டும். மேற்பரப்பு அரிப்பு வேறு, மண்சரிவு வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தில் நிகழ்ந்த சரிவுகளும் ஆழத்தில் நீர் ஊறிய சரிவுகள் நிலைகுலைந்தமையால் விளைந்தவை. எந்தச் சருகுப் படையும் அவற்றைத் தடுக்காது. நிலம் வெடித்துக் காணப்படும் சரிவில் நீரை வெளியே கொண்டுசெல்லும் கான்களே முதன்மையானவை. அங்கு நீர் உள்ளிறங்குவதைக் கூட்டும் எச்செயலும் ஆராயாது செய்யத்தக்கதன்று. சரிவு அபாயம் அறிவிக்கப்பட்ட இடத்தில் மக்களைக் குடியமர்த்திவிட்டு, மண் பேணல் பற்றி அவர்களுக்கே வகுப்பு எடுப்பது கேலிக்கூத்தாகும்.

தீயும் வறுமையான காடும்

பைனஸ் சருகு எளிதிற் பற்றும். குங்கிலியம் கலந்த இலை; ஊசிகளுக்கிடையே தாராளமான காற்று. வறண்ட மாதங்களில் எல்ல, அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பகுதிகளின் பைனஸ் காடுகளில் தீ எழுவது வழமையாகிவிட்டது. ஆகவே லயச் சுவரையொட்டியோ, அடுப்புக் கூரைக்கருகிலோ இச்சருகினைக் குவித்துவைத்தல் கூடாது. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்தில் ஒரு தீப்பொறி ஒரு வீட்டோடு நில்லாது. வீட்டையடுத்த பாத்திக்குப் புல்லும் பச்சிலையுமே தக்கவை. ஊசியிலை சற்று அப்பாலுள்ள துண்டுகளுக்கே உரியது.

காட்டின் பக்கமிருந்து நோக்கினால் நிலைமை வேறு. அங்கு சருகு குறைவது தீயின் எரிபொருள் குறைவதாகும். அப்படியாயின் முழுவதையும் வாரிவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. மத்திய ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகளாக விவசாயிகள் தொழுவப் படுக்கைக்காகக் காட்டுச் சருகினை ஆண்டுதோறும் வாரிச்சென்றதனால் அக்காட்டு மண் சத்திழந்து மர வளர்ச்சியே குன்றியது. ஏற்கெனவே சத்திழந்த பத்தனை மண்ணில் நிற்கும் எமது பைனஸ் காடுகளின் கீழுள்ள படையை முற்றாக நீக்கினால், மழைத்துளியின் அடி அங்கு விழும். ஒரு சரிவை மூட மற்றொரு சரிவைத் திறப்பது மண் பேணலாகாது. பாதையோரங்களிலும், தீ பரவாதிருக்க விடப்படும் வெளிக்கீற்றுகளிலும், இருப்புப்பாதை ஓரங்களிலும் படியும் சருகே எடுப்பதற்குரியது. அதனை எப்படியும் எவரேனும் அகற்றத்தான் வேண்டும்.

சுமப்பவர் யார்?

இதுவரை கூறியவை மண்ணைப் பற்றியன. இனி அளவைப் பார்ப்போம். ஒரு பேர்ச் நிலம் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். அதன்மேல் மூன்று அங்குலக் கனத்திற் சருகு பரப்ப ஏறத்தாழ இரண்டு கன மீற்றர் வேண்டும். சாதாரண உரப்பையில் தளர்வாக அடைத்தால் அது இருபது இருபத்தைந்து பைகளாகும். அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படும் 7 பேர்ச்சில், வீடு போக மூன்று பேர்ச் எஞ்சுவதாகக் கொண்டால், அறுபது எழுபது பைகள். பாரம் பெரிதன்று, பருமனே பெரிது. பாதையற்ற மலையில் அதனைத் தலையிற் சுமந்து ஏறி இறங்குபவர் யாவர்?

பெரும்பாலும் பெண்களே. காலைப் பிரட்டு முதல் மாலைக் கொழுந்து நிறுவை வரை மலையில் நின்றவர், பின் தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளைகள் எனும் இரண்டாவது வேலைநாளைத் தொடங்குபவர். சருகு இலவசம் என்று எழுதுவோர் இவ்வுழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. மறுபுறத்தில், மூடிய பாத்தியிற் களை பிடுங்கும் வேலையும் நீர் சுமக்கும் வேலையும் குறைகின்றன. ஒருமுறைச் சுமை ஓராண்டுக்கு மேல் நிற்கின்றது. கூட்டாக, ஓர் உழவு இயந்திரப் பெட்டியிற் கொணரப்படின் கணக்குத் தெளிவாகவே சருகின் பக்கம் சாயும். தனித்தனிக் குடும்பங்களாகச் செய்யின், அது மற்றொரு சுமையாகவே முடியும்.

அடுத்தது காணி. பத்திரக்கலவையின் பயன் முதலாண்டிற் சிறிது; மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே மண்ணின் நிறமும் பிடிப்பும் மாறத் தொடங்கும். தான் பண்படுத்திய துண்டு அடுத்த ஆண்டும் தன்னிடமே இருக்கும் என்ற உறுதி இல்லாதவன் எதற்காக அதனைச் செய்ய வேண்டும்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் இவர்கள். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களைத் தனியாரிடமிருந்தும் கொம்பனிகளிடமிருந்தும் அரசுக்கு மாற்றின. 1992இல் நிருவாகம் மீண்டும் கொம்பனிகளிடம் சென்றது. எக்கை மாறினும் லயத்து முற்றத்துத் துண்டு பெரும்பாலோருக்கு நிருவாகத்தின் இசைவில் தங்கிய ஒன்றாகவே இருந்துவந்துள்ளது. பத்திரம் என்னும் சொல் இலையையும் குறிக்கும், எழுத்துமூல ஆவணத்தையும் குறிக்கும். முன்னதைப் பரப்பும்படி தோட்டத் தொழிலாளிக்கு அறிவுரை கூறுவோர், பின்னது அவரிடம் உண்டா என்று வினவுவது நன்று.

இறுதியாக, சருகுக்கும் உரிமையாளர் உண்டு. பைனஸ் காடுகளிற் பெரும்பகுதி வனத்திணைக்களத்துக்குரியது. 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதில் ‘வனப்பொருள்’ என்பதன் பொருள் மரத்தோடு நிற்பதன்று. அனுமதியின்றிச் சருகு வாரும் பெண் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியாகலாம்; அச்சருகு அங்கேயே கிடந்து ஓகஸ்ற் மாதத்தில் எரிந்தால் அது இயற்கை அனர்த்தம் எனப்படும். தீத்தடுப்புக் கீற்றுகளைத் துப்புரவாக்கும் வேலையை, வறட்சி தொடங்கும் முன், அருகிலுள்ள தோட்டத் தொழிலாளரின் சங்கங்களுக்கும் கிராமச் சங்கங்களுக்கும் கூலியோடு ஒப்படைத்து, அங்கு சேரும் சருகை எடுத்துச்செல்லும் அனுமதியையும் எழுத்தில் வழங்கத் திணைக்களத்துக்குப் பெருஞ்செலவு ஏற்படாது. ஏற்பாடு மே மாதத்துக்குள் முடியவேண்டும். யூன் பிறந்தபின் காற்று திரும்பிவிடும், மண்ணும் காய்ந்துவிடும்.